செவ்வந்தி வைத்த டம்ளர்

குத்தாலத்துப் பக்கம் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் மலர்க்கொடியிடம்தான் சொல்லுவார்கள். சாயங்காலம் ஒரு வார்த்தை போதும், விடிந்ததும் பதினெட்டுப் பெண்கள் வரப்பில் நிற்பார்கள். அவ்வளவு செல்வாக்கையும் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்துவிட்டது.

மகள் சுடர்விழி பிறந்தபோது ஏற்றிய ரத்தத்தோடு வந்த ஹெபடைடிஸ் சி என்கிற கல்லீரல் கிருமி, இருபத்தைந்து வருஷம் சத்தமில்லாமல் மலர்க்கொடியின் உடம்பில் குடியிருந்தது. தெரியவந்த வாரமே, கூட நடவு நடுகிற செவ்வந்தி அவளுக்கென்று ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வரப்பில் தனியாக வைத்தாள். செவ்வந்தி ஒன்றும் வேற்றாள் இல்லை, அவள் கல்யாணத்தில் நின்று பந்தி பரிமாறியவளே மலர்க்கொடிதான். வயலில் எல்லோரும் ஒரே சொம்பில் அண்ணாந்துதான் குடிப்பார்கள், யாரும் வாய் வைப்பதில்லை. ஆனாலும் மலர்க்கொடி அதைத் தொடக்கூடாதாம். தண்ணீரில் ஒட்டுகிற நோய் இல்லை என்று நர்ஸ் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மிராசுகளும் நடவுக்கு வேறு ஆள் தேட ஆரம்பித்தார்கள்.

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டாள். ரத்தத்தில் கிருமி இல்லை என்று சீட்டு வந்தது. அதை லேமினேஷன் போட்டு வயலுக்கே எடுத்துப்போய்க் காட்டினாள். டம்ளர் போயிற்று, சொம்பு கைக்கு வந்தது. சுடர்விழிக்கு வேலை கிடைத்த அன்றுகூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கிருமி போனாலும் கல்லீரல் ஏற்கெனவே இறுகிவிட்டது, கட்டி வரலாம், ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். தேதி புரட்டாசியிலும் பங்குனியிலும் விழுந்தது. ஒன்றில் குறுவை அறுப்பு, மற்றதில் உளுந்து பறிப்பு. வேலை இருக்கிறதென்று அவள் போகவில்லை, அது வெறும் சாக்குதான். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறினால் ஊர் பார்க்கும், நோய் போகவில்லை என்று பேசும், டம்ளர் திரும்பி வரும். அந்தப் பயம்தான் அவளைக் கட்டிப்போட்டது. சுடர்விழி போனில் கேட்கும்போதெல்லாம் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

நாலு வருஷத்தில் எட்டு ஸ்கேன் தவறியது. ஐப்பசி நடவில் வயிறு வீங்கி, நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் கல்லீரலில் மூன்று கட்டிகள். சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் எடுத்திருக்கலாம், இனி முடியாது என்றார் டாக்டர். சுடர்விழி அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள், பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

செவ்வந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். கட்டிலருகே மலர்க்கொடியின் டம்ளர் கழுவித்தான் இருந்தது. செவ்வந்தி அதைத் தொடாமல், பையிலிருந்து ஒரு பேப்பர் கப்பை எடுத்து ஊற்றி நீட்டினாள். விரல் படாமல் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மலர்க்கொடி கப்பை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"கிருமி இல்லன்னு வந்த சீட்டு இன்னும் வீட்ல தொங்குது செவ்வந்தி. அதை நீ நம்பலன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, டம்ளர் திரும்பி வந்துருமேன்னு பயப்படாம நான் ஸ்கேனுக்காவது போயிருப்பேன்."