மூன்று கதையிலும் கெட்ட சித்தி

சாரம் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரே கதையைப் பல விதமாகச் சொல்லவைத்து, அதில் வருகிறவர்களைப் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கச் செய்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தால் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தாயில்லாப் பெண்ணிடம் ஓட்டைக் குடத்தைக் கொடுத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் சித்தி. வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னேன். கடலோரக் கனகசெட்டிக்குளத்துப் பையனின் கதையில் குடத்துக்குப் பதில் கிழிந்த வலை. பிரான்ஸில் மாமா இருக்கிற பெண்ணின் கதையில், கொட்டும் பனியில் விறகு பொறுக்க வேண்டும். சார்ட்டில் கட்டம் போட்டு, கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் சிரித்த மூஞ்சியோ கோப மூஞ்சியோ ஒட்டச் சொன்னேன்.

“மூணு கதையிலயும் கோப மூஞ்சியே வாங்குன ஆளு யாரு?”

“சித்தீ!” கூரை பறந்தது. நானும் கைதட்டினேன்.

மறுநாள் மத்தியானம் கேட்டில் ஒரு பெண் நின்றார். முதல் வரிசையில் உட்காரும் வாயாடிக் குட்டியின் சித்தி. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தார்.

“மிஸ், நேத்து சாயங்காலத்துலேர்ந்து நான் குடுத்தா எதையும் திங்க மாட்டேங்குது. கிட்ட போனா நவுந்துக்குது. நாலு வருசமா என் மடியில வளந்த புள்ள மிஸ்.”

அடிப்பாவி என்று என்னையே வைதுகொண்டேன். குட்டியின் அம்மா இறந்துபோனதை அட்மிஷன் ஃபாரத்தில் எழுதியதே நான்தான். மறந்து தொலைத்திருக்கிறேன்.

“தப்பு எம்மேலதாம்மா. நாளைக்கு கிளாசுக்கு வந்து அந்தக் கதைய நீங்க சொல்லுங்க.”

“ஐயோ, எனக்கும் அதே கதைதான் மிஸ் தெரியும்.”

“அதையே சொல்லுங்க.”

வந்தார். முந்தானையைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தார். சித்தி குடத்தைக் கொடுத்தாள், பெண் கிணற்றுக்குப் போனாள். அங்கே நிறுத்தி முதல் வரிசையைப் பார்த்தார். குட்டி தலையைக் குனிந்தபடியே இருந்தது.

“கொடம் ஓட்டைன்னு அந்த சித்திக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது,” என்றார் மெதுவாக. “தெரிஞ்சதும், திரும்பத் திரும்ப மொண்டு புள்ள உள்ள வுழுந்துடப் போவுதேன்னு போட்டது போட்டபடி கெணத்துக்கு ஓடுனா.”

“மிஸ், தப்பா சொல்றாங்க!” என்று எழுந்தான் வலைக்கதைப் பையன்.

“சும்மா இருடா, இது இவங்க வூட்டுக் கதை,” என்று அதட்டி உட்கார வைத்தேன்.

முதல் வரிசையில் தலை நிமிர்ந்தது. “அந்தப் பொண்ணு கெணத்துல வுழுறதுக்குள்ள புடிச்சிட்டாளா?”

“புடிச்சிட்டா கண்ணு. வுட்டுடுவாளா?”

சாப்பாட்டு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. குட்டி எழுந்து போய் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு, “பசிக்குது சித்தி,” என்றது.