கணக்கில் வராத ரயில் நேரம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதைவிடச் சீக்கிரம் உற்சாகம் வரும். இரண்டில் எதனால் அதிகம் கெட்டாய் என்று போன வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கோபத்தால் என்று சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற கம்பெனி அது. நோயாளியின் பெயரைப் பதிவு செய்வதிலிருந்து ரிப்போர்ட்டை அச்சிடுவதுவரை எல்லாம் அதில்தான் நடக்கும். வீடு கோலார் தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம். விடிவதற்குள் உரிகம் ஸ்டேஷனில் ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்குவேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், வண்டிக்கு மனசு நல்லபடியாக இருந்தால். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். பெங்களூரிலேயே வீடு பார்த்துக்கொள்ளேன் என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. நான் போகாததை ஊர்ப்பாசம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர்ப்பாசமெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை. ரயிலில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள்.

அவளுக்கும் என் வயதுதான், நாற்பத்துமூன்று. எங்கள் ஊரிலேயே நந்திதுர்க் பக்கம் வீடு. ரயிலில்தான் பழக்கமானோம். பிறகு என் கம்பெனியிலேயே டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தாள். நாங்கள் எழுதிக் கொடுக்கிற புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடிப்பிடித்து எங்கள் முகத்திலேயே திருப்பி எறிவது அந்தப் பிரிவின் வேலை. அவள் அதைப் பிரியமாகச் செய்வாள். பரிசோதிக்க என்று ஒரு நோட்டு நிறையக் கற்பனை நோயாளிகளை வைத்திருந்தாள்: பிறந்து ஒரு நாளான குழந்தை, நூற்றிரண்டு வயதுத் தாத்தா, ஒரே நாளில் மூன்று முறை ரத்தம் கொடுக்கிற சந்தேகப் பிராணி. ரயிலில் உட்கார்ந்து இவர்களுக்குப் புதுப்புது வியாதி யோசிப்போம். சத்தம் போட்டுச் சிரித்து, எதிர் சீட்டில் தூங்குகிறவர்களிடம் திட்டு வாங்குவோம்.

போன வருஷத் தொடக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் ஏஐ உதவியாளர் கொடுத்தார்கள். என்ன வேண்டும் என்று எழுதினால் அது புரோகிராமை எழுதித் தரும். முதல் நாள் நான் கை தட்டினேன். உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தட்டினேன்; பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதுகிற பக்கத்தை அது டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு படிவம் வந்தது. இந்த உதவியாளரால் உங்கள் வேலை நேரத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்று ஒரு கேள்வி. கொஞ்சம்கூட யோசிக்காமல் 'பாதி' என்று போட்டேன். பொய் இல்லை. ஆபீசில் என் பெயரில் இருந்த வேலைகள் பாதி நாளில் முடிந்துகொண்டுதான் இருந்தன.

அந்தப் 'பாதி' என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. எங்கள் மேனேஜர், நிதானமான ஹாசன்காரர், என்னை எல்லோருக்கும் எடுத்துக்காட்டாக ஆக்கினார். மொத்தக் கம்பெனி முன்னாலும் அரை மணி நேரம் பேசச் சொன்னார். புதுச் சேலை வாங்கிக் கட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். "பாதி நேரம் மிச்சம், மீதி நேரத்தில் யோசிக்கிறேன்" என்று ஒரு வசனம் வேறு. கைதட்டல் வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளும் தட்டினாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை, வண்டி பங்காருபேட்டையில் நின்றபோது அவள் சொன்னாள்: "எங்க டீம்ல ரெண்டு பேர எடுக்கறாங்களாம். அதுல நான் ஒருத்தி. இன்னும் நாலு வாரம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். கணவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு, வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகள் பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. நாற்பத்துமூன்று வயதில், கையால் சோதித்துப் பார்க்கிற டெஸ்டரை யார் புதிதாக எடுப்பார்கள்? டேக்கல் வரை கம்பெனியைத் திட்டினேன். மாலூர் வரை மேனேஜரைத் திட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு எண்ணை நம்புகிற முட்டாள்கள் என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சரி வுடு" என்று மட்டும் சொன்னாள்.

திட்டி முடித்துவிட்டு நான் என்ன செய்தேன்? மடிக்கணினியைத் திறந்தேன். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய வேலை பாக்கி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. சாயங்கால வண்டி. டேக்கல் பாறைகளுக்கு நடுவே நெட்வொர்க் போய்விடும். அங்கே உதவியாளர் ஊமையாகிவிடும். அது எழுதித் தந்ததை நான் வரி வரியாக என் கண்ணால் படித்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத," என்றாள் அவள். "இன்னாத்துக்கு நீ இப்பல்லாம் ட்ரெயின்ல என்னாண்ட பேசறதே இல்ல?"

"வேலை இருக்குதே."

"இன்னா வேலை? பாதி நேரம் மிச்சம்னியே."

"இது அது இல்ல. இது அந்த உதவியாளர் எழுதினத சரி பண்ற வேலை."

"ஓ," என்றாள். "அது வேலை இல்லியா?"

கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். 

அதை வேலையாக எண்ணாதது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாக வருகிற தப்பு. சுரங்கம் நடந்தபோதும் சரி, என் அப்பா வேலை பார்த்த கனரக இயந்திரத் தொழிற்சாலையிலும் சரி, ஷிஃப்ட் என்றால் கேட்டில் கார்டு அடித்ததிலிருந்துதான். அதற்கு முன்னால் நீ எவ்வளவு தூரம் நடந்தாய், எந்த மழையில் நனைந்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. சுரங்கம் மூடி ஊரே பெங்களூருக்கு ரயிலேறத் தொடங்கிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. தினம் நாலு மணி நேரம் ரயிலில் போகிறது, அதை யாராவது வேலை நேரம் என்று சொன்னால் சிரிப்போம். தூங்கலாம், சாப்பிடலாம், பேசலாம், வேலையும் செய்யலாம். எது செய்தாலும் அது வெறும் ரயில் நேரம். படிவத்தில் 'பாதி' என்று போட்டபோது அந்த நாலு மணி நேரம் என் நினைப்பிலேயே வரவில்லை.

மறுநாள் மதியம் சோற்று டப்பாவைக்கூடத் திறக்காமல் என் வேலைப் பதிவுகளைப் பார்த்தேன். நாங்கள் ஒவ்வொரு முறை புரோகிராமைத் திருத்திச் சேமிக்கும்போதும் நேரம் தானாகப் பதிவாகும். உதவியாளர் வருவதற்கு முன்னால் என் பதிவுகளில் காலை ஆறிலிருந்து எட்டுவரை காலியாக இருந்தது. சாயங்காலமும் அப்படியே. அது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரம். உதவியாளர் வந்த பிறகு அந்தக் காலி இடம் முழுக்கப் பதிவுகள், ஒரு நாள் தவறாமல், திருத்தம், மறுபடி திருத்தம். ஆபீசில் மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் ரயிலில் கொட்டியிருந்தேன். கூடவே கொஞ்சம் அதிகமாகவும். நானே எழுதியது எனக்குத் தெரியும். வேறொன்று எழுதியதில், அது ஏன் இப்படிச் செய்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் தப்பு கண்டுபிடித்து எனக்குத் திருப்பி அனுப்பியவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. நோயாளி பதிவுப் பக்கத்தில் குடும்பப் பெயரைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று உதவியாளர் எழுதியிருந்தது. குடும்பப் பெயர் இல்லாவிட்டால் பதிவு ஆகாது, ரத்தம் எடுக்க முடியாது. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் அப்பாவுக்குக் கிடையாது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் கிடையாது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுக்கப் போய் இதே குடும்பப் பெயருக்காக அலைந்த நான், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சரி என்று அனுப்பியிருக்கிறேன். அதைச் சோதிக்கிற புரோகிராமையும் உதவியாளர்தான் எழுதியது. அதில் வந்த நோயாளிகள் எல்லோருக்கும் வாய் நிறையக் குடும்பப் பெயர். தானே எழுதி, தானே திருத்தி, தானே மார்க் போட்டுக்கொண்டது. அவள் நோட்டிலிருந்த நூற்றிரண்டு வயதுத் தாத்தாதான், ஒற்றை எழுத்தோடு வந்து, அங்கே மாட்டிக்கொண்டு நின்றார்.

மேனேஜரிடம் போனேன். டெஸ்டிங்கில் ஆள் குறைப்பது எந்தக் கணக்கை வைத்து என்று கேட்டேன். சண்டை போடத்தான் போனேன், ஒளிக்கவில்லை. அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பாதி நேரம் மிச்சமாகிறது. அந்த நேரத்தில் சோதனையை அவர்களே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே டெஸ்டிங்கில் நாலு பேருக்குப் பதில் இரண்டு பேர் போதும். பக்கத்திலேயே எடுத்துக்காட்டு என்று என் பெயர்.

கண்ணை மூடிக்கொண்டு எண்ணை நம்புகிற முட்டாள்கள் என்று மாலூர் வரை திட்டினேனே, அந்த எண்ணைக் கொடுத்தவள் நான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "நான் போட்டது தப்பு," என்றேன். எப்படித் தப்பு என்று சேமித்த நேரங்களைக் காட்டிச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் பேச வைத்தவர், தன் முகத்தில் கரி பூசிவிட்டாய் என்று கத்தியிருக்கலாம். வருஷ மதிப்பீட்டில் என்னைக் கீழே தள்ளியிருக்கலாம். அவர் அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கன்னடத்தில் மெல்லக் கேட்டார்: "அப்படியானால் உண்மையான அளவு என்ன?"

எனக்குத் தெரியாது என்றேன். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் சொன்ன மிக நல்ல பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம் கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் ரயிலில் மடிக்கணினியைத் திறக்கவில்லை. எழுதுவது, படிப்பது, திருத்துவது, திரும்பி வந்ததைச் சரிசெய்வது எல்லாம் ஆபீஸ் நேரத்துக்குள். உதவியாளர் மேல் பழி போட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அது நியாயமில்லை. ரிப்போர்ட் தலைப்புகளைக் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றுகிற சலிப்பான வேலையை அது நிஜமாகவே பாதி நேரத்தில் முடித்தது. அதற்கு நன்றி, இன்றும் அதைத்தான் கூப்பிடுகிறேன். ஆனால் பத்து வருஷப் பழைய புரோகிராமுக்குள் கை வைக்கிற வேலைகள் பழைய நேரமே எடுத்தன. இரண்டு வேலைகள் கூடுதலாகவே இழுத்தன. வேடிக்கை என்னவென்றால், செய்யும்போது வேகமாகப் போகிற மாதிரிதான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரிந்தது.

எண்களை அப்படியே கொடுத்தேன், நல்லதையும் சேர்த்து. மேனேஜர் மற்ற புரோகிராமர்களையும் அதே மாதிரி எழுதித் தரச் சொன்னார். அவர்களில் சிலர் மிச்சம் பிடித்த நேரத்தை வீட்டில், சாப்பாட்டு மேசையில் கொட்டியிருந்தார்கள். எனக்காவது ரயில். அந்த வார இறுதியில் டெஸ்டிங்கில் ஆள் குறைப்பதை நிறுத்தினார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் மேனேஜர். அந்த மனிதருக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சமல்ல. மேலதிகாரிகளிடம் போய், தன் கணக்கு தப்பாகிவிட்டது என்று சொன்னவர் அவர். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் வண்டியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வேலை போகவிருந்தது என்னால்தான், நான் போட்ட எண்ணால்தான் என்று. அவள் அதிரவில்லை.

"தெரியும்," என்றாள். "லிஸ்ட் குடுத்த அன்னிக்கே அந்தக் கணக்கு போட்ட காகிதத்த காட்டனாங்க. உன் பேரு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? நான் கம்பெனிய அந்தத் திட்டு திட்டறேன், கேட்டுகினு வந்தியே! என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப? ஓடிப்போய் எனக்கோசரம் நம்பர மாத்தியிருப்ப. உனக்கு பாதி மிச்சமாவறது நெசமா இருந்தா? சிநேகிதிக்காக நீ ஒரு பொய் சொல்லி, அதுல நான் சம்பளம் வாங்கணுமா?" பிறகு, "எனக்கு பேச்சுத் துணை இல்லாம போச்சு, அதான் தாங்கல. அன்னிக்கு அதத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் மனசுல வச்சிகினு கேக்கல," என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். பட்டியல் வந்த நாளிலிருந்து நான் கண்டுபிடித்த நாள்வரை பத்துப் பன்னிரண்டு பயணம். அத்தனையிலும் அவள் வேலையைப் பறிக்கவிருந்த நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து, அவளோடு பேசக்கூட நேரமில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ தினமும் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். வேறு பெட்டியில் ஏறியிருக்கலாம்.

நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது, அதுவும் சத்தமாக. எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தார். அவள் அவரிடம், "ஒண்ணும் இல்லீங்க, நீங்க தூங்குங்க," என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். உரிகம் வரும்வரை விடவில்லை.