ஊசிக்கு முன் ஓர் ஊதல்

செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்தான் அந்த நர்ஸைச் சந்தித்தேன். காதோரம் நரைத்தவர். எந்த நோயாளியும் அவருக்கு நைனாதான். இசிஜி காகிதம் வெளியே வர வர, பூக்காரி போல முழங்கையில் அளந்து பார்ப்பார். அன்று என் இதயம் நிமிடத்துக்கு நூற்றெண்பது முறை துடித்துக்கொண்டிருந்தது. முதலில் ஊதவைத்துப் பார்க்கலாம், வேகம் அடங்காவிட்டால் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நர்ஸ் ஒரு காலி சிரிஞ்சை நீட்டினார். "நைனா, இத்த வாய்ல வச்சி, உள்ள கீற தண்டு நகர்ற மாதிரி ஊதுங்க."

அரசு அலுவலகத்து நடைமுறைகளையெல்லாம் கரைத்துக் குடித்தவன் நான். "இது எந்த விதியில் இருக்கிறது?" என்றேன்.

"பேசுற மூச்ச ஊதினீங்கன்னா ஊசி மிச்சம்."

சாய்ந்து உட்கார்ந்தபடி பதினைந்து நொடி ஊதினேன். உடனே என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு சட்டென்று படுத்தது. பிறகு ஒரு துடிப்பு. நிதானமாக இன்னொன்று.

"நெஞ்சுல ஓட்ற கரண்டு ஒரே எடத்துல சுத்திகினு இருந்துச்சு, நைனா. மூளைலேர்ந்து நெஞ்சுக்கு ஒரு நரம்பு வருது, அதான் பிரேக்கு. இப்டி ஊதிட்டு காலத் தூக்கினா அது அழுத்தும், சுத்துறது அறுந்துபூடும்," என்றார்.

கோடு படுத்திருந்த அந்தச் சில நொடிகளும் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சலனமும் இல்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது பார்த்தேன்: இரண்டு கணுக்காலிலும் அவருடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.