பெரிய டாக்டர் தேடிப்போன வீடு

எங்கள் பெரிய டாக்டரை நினைத்தால், ஆபரேஷன் தியேட்டரின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவர் வெளியே வரும் காட்சிதான் முதலில் ஞாபகம் வருகிறது. கையுறையைக் கழற்றிய விரல்களில் வெள்ளைப் பவுடர் இன்னும் ஒட்டியிருக்கும். முகத்துணியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, வராந்தா பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்து, "சுத்தமா எடுத்தாச்சு. போய் வயித்துக்கு ஏதாவது சாப்பிடுங்கோ" என்பார். அழுது வீங்கிய முகங்கள் அந்த ஒரு வார்த்தையில் மாறுவதை அவர் நின்று பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். நல்ல சேதி சொல்வதில் அவருக்கு ஒரு பசியே இருந்தது. கெட்ட சேதி என்றால் சின்ன டாக்டரை அனுப்புவார், இல்லாவிட்டால் என்னை அனுப்புவார். "சிஸ்டர், நீ சொன்னா பக்குவமா சொல்லுவே" என்று ஐஸ் வேறு வைப்பார். எனக்கு அதில் உள்ளூரக் கோபம்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் நான் நர்ஸாக இருந்தேன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவள். டாக்டரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். மேல்கோட்டைப் பக்கம் பூர்விகம். ஆனால் அவர் தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும், மீதி அவர்கள் வீட்டுக்கே உரியது. கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து வரும் தமிழ்க்காரர்களுக்கு அது சட்டென்று பிடிபடாது. அவர் பேசும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர்களும் டாக்டருக்குத் தலையாட்டிவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாருமே காலம் தாழ்த்தித்தான் வருவார்கள். நோய் வந்த இடம் அப்படி. மூத்திரத்தைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

மேஸ்திரியும் அப்படித்தான் வந்தார். ஹனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மைசூரில் குவெம்புநகர் பக்கம் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆட்களைக் கூட்டிவந்து, கட்டுகிற வீட்டிலேயே தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், இரும்பு மாதிரி உடம்பு, விரலிடுக்கில் எப்போதும் பீடி. மூத்திரம் சிவப்பாகப் போகத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. "வலி கிலி ஒண்ணுமில்லீங் அம்முணி. செவப்பா போவுது, அப்பறம் தானா நின்னுக்குது. வெயில்ல நிக்கற ஒடம்பு, சூடுன்னு நெனச்சிட்டனுங்" என்றார். அவர் மனைவி பார்லி வேகவைத்த தண்ணீரும் இளநீருமாகக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அது நின்றிருக்கிறது. இந்த நோயின் சூதே அதில்தான் இருக்கிறது. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பார். நிற்காமல் போயிருந்தாலும் வந்திருப்பார். வந்து வந்து போனதால், கடைசியாக எதைக் குடித்தாரோ அதுதான் மருந்து என்று ஆகிவிட்டது.

சிறுநீர்ப்பைக்குள் கட்டி. நல்ல வேளையாக மேலாகத்தான் இருந்தது, சதைக்குள் இறங்கியிருக்கவில்லை. டாக்டர் குழாய் வழியாகவே உள்ளே போய்ச் சுரண்டி எடுத்தார். பிறகு வாராவாரம் வரவழைத்துப் பைக்குள் மருந்து விட்டோம். எரிச்சல் உயிரை எடுக்கும். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு, "மாதப்பா, மாதப்பா" என்று முனகுவார். மாதேஸ்வரன் மலைச் சாமியைத்தான் அந்தப் பக்கத்தில் அப்படி உரிமையாகக் கூப்பிடுவார்கள். நோய் தீர்ந்தால் அடிவாரத்திலிருந்து நடந்தே மலையேறி முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். பீடியையும் அன்றோடு விட்டார். டாக்டருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "மேஸ்திரி, உன் வீட்டை நான் இடிக்கலை. செவுத்துல பிடிச்ச பாசியை மட்டும் சுரண்டி எடுத்திருக்கேன். மறுபடி பிடிக்கறதான்னு மூணு மாசத்துக்கு ஒரு தரம் உள்ளே பாக்கணும், தெரிஞ்சுதா?" என்று கேட்பார். மேஸ்திரிக்கு அது நன்றாகப் புரிந்தது. தன் தொழில் அல்லவா? பாசி பிடித்த சுவர் மறுபடியும் பிடிக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சொன்னபடி வந்தும் காட்டினார். குழாயை விட்டுப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. அதற்குப் பயந்தே தலைமறைவாகிற ஆண்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. ஒரு வருஷம் போல எதுவும் இல்லை. கடைசியாகப் பார்த்த அன்று டாக்டர் குழாயை வெளியே எடுத்ததும், மேஜையில் படுத்திருந்தவரின் தோளில் தட்டி, "சுத்தமா இருக்கு மேஸ்திரி. ஆய்து, முடிஞ்சுபோச்சு, இனி பயமில்லை. மலைக்குப் போய் வேண்டுதலைத் தீர்த்துட்டு வா" என்றார். மேஸ்திரி படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணோரம் நீர் வழிந்தது. டாக்டர் கதவு வரை போய், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பி, "மூணு மாசத்துல வழக்கம்போல வந்து காமி" என்றும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஆனால் அந்த இரண்டாவது வார்த்தை மேஸ்திரியின் மனதில் ஏறவே இல்லை. முதல் வார்த்தையிலேயே அவர் மலையேறத் தொடங்கிவிட்டிருந்தார்.

மூன்று மாதம் கழிந்தது, ஆறு மாதம் ஆனது. அவர் வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது பரிசோதனைக்கு வராமல் போனால் அவர் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். "கஷ்டம்னா ஓடி வந்திருக்க மாட்டானா? வரலைன்னா நன்னா இருக்கான்னுதானே அர்த்தம்?" என்பார் டாக்டர். அதில் எங்களுக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான் இருந்தது. இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது. வலியே இல்லாமல் வரும் நோய்க்கு நாளெல்லாம் வைத்தியம் பார்க்கிற நாங்களே, வலித்தால் வருவான் என்று சும்மா இருந்தோம். பார்லித் தண்ணீர் கொடுத்த அந்த அம்மாவுக்கும் எங்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அப்படி இரண்டு வருஷம் போனது. ஊர் டாக்டர்கள் கூடும் சங்கக் கூட்டத்தில் எங்கள் டாக்டரைப் பேசச் சொன்னார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. பையை எடுக்காமலே காப்பாற்றியவர்களைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கொள்ளை ஆசை. அத்தோடு நிற்கவில்லை. மேஸ்திரியையே மேடையில் ஏற்றி எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று ஒரு யோசனை வந்துவிட்டது. "படம் போட்டுக் காமிச்சா யார் நம்பறா? ஆளைக் காமிக்கலாம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய வெள்ளை ஃபியட்டில் கிளம்பினோம். ஊராரிடம் பேச நான் தேவை என்று கூட்டிப்போனார். நரசீபுரம் தாண்டிக் கொள்ளேகால் போகும் வரை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மேஸ்திரி மேடையில் எங்கே நிற்பார், கடைசியில் தான் அவர் தோளில் எப்படிக் கை போடுவார் என்றுகூட நடித்துக் காட்டினார். நான் சிரித்தேன். அத்தனை சந்தோஷமாக அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

ஊரில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஓட்டு வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். மேஸ்திரியின் அண்ணன் என்று நினைத்து, அவர் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அட, டாக்டரய்யா" என்றார். குரல்தான் மேஸ்திரியுடையது. உடம்பில் பாதியைக் காணோம். ஒரு கால் மட்டும் தூண் போல வீங்கியிருந்தது. உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் ஒரு ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டார். டாக்டர் உட்காரவில்லை. ரத்தம் போகிறதா என்று கேட்டார்.

"போவுதுங். வருது, நின்னுக்குது. ஆனா இது அந்த நோவு இல்லீங். அது தீந்துபோச்சே. இது வேற சூடுங்."

"ஏன் மேஸ்திரி வரலை? வந்து காமின்னு சொன்னேனே."

மேஸ்திரிக்கு அந்தக் கேள்வியே வினோதமாகப் பட்டது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நோவு தீந்தாத்தானுங் முடி குடுக்கறதுன்னு வேண்டிக்கிட்டது. நீங்களே சுத்தமாயிருச்சு, போய்க் குடுன்னு சொன்னீங். மல மேல போய்க் குடுத்தும் போட்டனுங். குடுத்ததுக்கு அப்பறம் மறுபடியும் வந்து பாருங்கன்னா, மாதப்பன நம்பாத மாதிரி ஆயிருமுங்களே?" என்றார்.

இதை நான் டாக்டருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சாமி நோயைத் தீர்த்துவிட்டதைத்தான் டாக்டர் வாயால் சொன்னார் என்று மேஸ்திரி நம்பியிருந்தார். டாக்டர் கட்டிலிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. அதற்குள் அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது. மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தன தூரம் எதுக்குங் வந்தீங்? எனக்கோசரமா வந்தீங்?" என்று கேட்டார். டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமா மேஸ்திரி. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்" என்றார். மேஸ்திரி கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை.

அன்றைக்கே காரின் பின்சீட்டில் படுக்கவைத்து மைசூருக்குக் கூட்டிவந்தோம். கட்டி பையின் சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது. பையையே எடுத்துவிட்டு வயிற்றில் மூத்திரத்துக்கு வழி வைப்பதற்கும் காலம் கடந்துவிட்டது. பாதி வழியில் பிடித்திருந்தாலாவது அதைச் செய்திருக்கலாம். கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தோம், ரத்தம் கொஞ்ச நாள் நின்றது. ஊருக்கே போகிறேன் என்று கேட்டுப் போனவர் தசராவுக்கு முன்னால் இறந்துபோனார். தகவல் வந்த அன்று டாக்டர் ஆபரேஷன் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சங்கக் கூட்டத்தில் அவர் பேசவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வேறொருவர் கிட்னிக் கல் பற்றிப் பேசினாராம். எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அதுதான். அன்று அவர் பேசியிருக்க வேண்டும். வராதவர்களை நன்றாக இருப்பவர்கள் என்று நினைத்தேன், போய்ப் பார்த்தால் இப்படி இருந்தது என்று அத்தனை டாக்டர்கள் நடுவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எந்தெந்த ஊரிலோ எத்தனை மேஸ்திரிகளை யாராவது தேடிப் போயிருப்பார்கள். அவருக்குத் தைரியம் வரவில்லை. எங்களோடு மட்டும் வைத்துக்கொண்டார். வராதவர்களின் பக்கத்து வீட்டு ஃபோனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார், நானும் கூப்பிட்டேன். சிலர் வந்தார்கள். சிலர் இறந்துபோனதை அவர்கள் வீட்டார் சொன்னார்கள். தியேட்டர் கதவைத் திறந்து வருகிறபோது அந்தச் சிரிப்பு இல்லாமல் போனது. "இப்போதைக்கு எடுத்திருக்கு. பாக்கலாம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். உண்மை அதுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து வேறு டாக்டரிடம் போனவர்களும் உண்டு. சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்ல ஒரு வழி இருந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு மனம் விட்டுப்போயிற்று.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளை மறந்தால் கைபேசியே ஞாபகப்படுத்துகிறது. என் பி.பி. பரிசோதனைக்கே முதல் நாள் ஒரு செய்தி, அன்று காலை ஒரு செய்தி என்று வந்து விழுகிறது. டாக்டர் காலமாகி வெகுநாளாயிற்று. போன வருஷம் மாதேஸ்வரன் மலைக்குப் போய்த் திரும்பும்போது கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் மேஸ்திரியின் மனைவியைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் கையைப் பிடித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகனோடு இருக்கிறாராம். டாக்டர் போய்விட்டார் என்று சொன்னதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கூட்டுக்காரரு கடைசி வரைக்கும் அதயேதானுங் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. எத்தனையோ பேருக்கு வைத்தியம் பாக்கறவரு, என்னக் காணோமேன்னு ஊடு தேடி வந்தாரேன்னு. ஊருக்குள்ள வர்றவங்க போறவங்க அத்தன பேருகிட்டயும் சொல்லுவாருங்." பிறகு என் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டு, "வேற ஆரூட்டுக்காச்சும் அவரு அப்படிப் போயிருக்காருங்களா அம்முணி?" என்று கேட்டார்.

"இல்லைம்மா. உங்க வீட்டுக்கு மட்டும்தான் வந்தார்" என்றேன்.

அது உண்மைதான். அந்த அம்மாவின் முகம் மலர்வதைப் பார்க்க முடியாமல், மைசூர் பஸ் வந்துவிட்டதா என்று நான் திரும்பிக்கொண்டேன்.