பெரியப்பாவுக்குப் போர்த்திய பொன்னாடை

என் படிப்பை நிறுத்தியது ஒரு தார்ப்பாய் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நிறுத்தியவர் என் பெரியப்பா. தார்ப்பாய்க்கு வாயில்லை, அதனால் பழியை அதன்மேல் போடுவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

குன்னம் பக்கத்தில், அரியலூர் பஸ் போகும் சாலையோரம் எங்கள் கொல்லை. சின்ன வெங்காயம் பிடுங்கியதும் அடுத்த வெள்ளாமைக்கான விதையைப் பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மூங்கில் பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, தாளோடு வெங்காயத்தைக் கொட்டி, மேலே சோளத்தட்டை வேய்ந்தால் அதுதான் பட்டறை. மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும். மூடியபடியே வெயில் ஏறினால் உள்ளே புழுங்கி மொத்தமும் நாறிவிடும். மூட மறக்கிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. எடுக்க மறப்பதுதான் எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது நடக்கிற தப்பு.

எழுபதுகளின் கடைசியில், நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தப்பு என் கையால் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காவல் எனக்கு. கோடை மழை கொட்டியது, ஓடிப்போய் மூடினேன். மழை விட்ட நேரம் பார்த்து ஒரு பஸ் எங்கள் கொல்லைக்கு நேரே பஞ்சராகி நின்றது. ஜன்னலோரம் ஒருத்தி புதுப் பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எல்லோரும் இறங்கி நின்றார்கள், அவள் இறங்கவில்லை. யார் வீட்டுச் சீருக்குப் போனாள், போன இடத்தில் அவளை என்ன சொன்னார்கள், குடத்தை ஏன் திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று நானாகவே யோசித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஒரு பெயர் வைத்தேன், ஒரு முன்கோபக்கார நாத்தனாரையும் கொடுத்தேன். பஸ் போன பிறகும் அவளோடுதான் இருந்தேன். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். தார்ப்பாய் மூடியது மூடியபடி கிடந்தது.

மூன்றாம் நாள் நாற்றம் சாலை வரைக்கும் வந்தது. தப்பு என்னுடையதுதான், அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. இரண்டு அடி வைத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பெரியப்பா அடிக்கவில்லை. சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு நடுவீட்டில் என்னை நிற்கவைத்தார். “பராக்கு பாக்குற கழுதைக்கு என்னாத்துக்குப் படிப்பு? நாளையிலேருந்து கொல்லைக்குப் போவட்டும்” என்றார். அப்பா அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே, டீச்சர் வேலைக்குப் போகணும், படிக்கவிடுங்க பெரியப்பா என்று கேட்டேன். அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவருடைய மகன் அதே ஒன்பதாவதில் இரண்டு தடவை பெயில். அவனுக்கு அந்த வருஷம்தான் புது சைக்கிள் வந்தது.

அதன் பிறகு எனக்கு ஊரில் பராக்கு என்றே பெயர். பருத்தி எடுக்கும்போது பக்கத்து நிரையில் நின்ற பெண்களுக்குக் குடத்துக்காரியின் கதையைத் தினம் கொஞ்சமாகச் சொன்னேன். அவள் நாத்தனாரை அவர்கள் என்னைவிட அதிகமாகத் திட்டினார்கள். கல்யாணமாகித் திருமானூருக்குப் போன பிறகு, என் பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த நோட்டுப் பக்கங்களில் அதை எழுத ஆரம்பித்தேன். எழுத்துப்பிழை மலிந்த அந்த நோட்டுகளை யாரிடமும் காட்டக் கூச்சமாக இருந்தது. மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் கற்றதை அடுப்படியில் உட்கார்ந்து கற்க எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது.

குடத்துக்காரியின் கதை நாவலாகி ஒருவழியாகப் புத்தகமாக வந்தபோது பெரம்பலூரில் கூட்டம் வைத்தார்கள். முன்வரிசையில் பெரியப்பா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடும்பத்துப் பெரியவர் என்று அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். “அன்னைக்கு நான் படிப்ப நிறுத்துனதாலதான் இவ இன்னைக்கு எழுத்தாளர். இல்லன்னா எங்கியாவது டீச்சரா இருந்திருப்பா” என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

“டீச்சராவணும்னுதான் பெரியப்பா உங்ககிட்ட அழுதேன். பராக்கு பாக்குறதுக்கு எனக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல. டீச்சரா இருந்திருந்தாலும் நான் எழுதியிருப்பேன். சீக்கிரமா எழுதியிருப்பேன்.”

பெரியப்பா பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். கூட்டம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். தள்ளாத வயதில் ஒரு மனுஷரை நாலு பேர் முன்னால் வைத்து இப்படியா பேசுவது என்று கேட்டார்கள். கேட்டவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினான்கு வயதில் நான் நடுவீட்டில் நின்று அழுதபோது, இவர்களில் பாதிப் பேர் அங்கே சிரித்துக்கொண்டிருந்தவர்கள்.