இரண்டாவது மெழுகுவத்தி

என் அண்ணன் இன்னாசிக்குக் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வேலை. எஞ்சின் கிளம்பாவிட்டால் கெட்ட வார்த்தை சொல்வார். கிளம்பியதும் சிலுவை போட்டுக்கொள்வார். ஒருமுறை கடலில் விழுந்த அவருடைய ஸ்பேனர் யாரோ ஒருவர் வலையில் ஏறி வந்துவிட்டது. அன்றிலிருந்து தொலைந்தது எதுவானாலும், காணாமல்போனதைத் தேடித் தரும் புனித அந்தோணியார் பொறுப்பு. "அவரு லேட்டு பண்ணுவாரு, ஏமாத்த மாட்டாரு" என்பார்.

இந்த ஆடியில் அவர் மகன் ஃப்ரெடி போன படகு எண்ணூருக்கு நேரே கவிழ்ந்தது. மற்றவர்களை இன்னொரு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். ஃப்ரெடி கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நான் இஸ்ரேலில், ஹைஃபாவில், ஸிப்போரா என்ற வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்கிறேன். விசா சிக்கலில் இருப்பதால், ஊருக்குப் போனால் மறுபடி இங்கே வர முடியாது. போனைத் தலைமாட்டிலேயே வைத்துத் தூங்குகிறேன்.

"ஆண்டவரு நடந்த ஊர்ல கீற. அங்க இன்னா சொல்றாங்கோ?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்ததைச் சொன்னேன். ஸிப்போரா பொழுது சாய்ந்ததும் வலது கையால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிப்பாள். 'முழு நெஞ்சோடு' என்று வரும் இடத்தில் குரல் உயரும். எபிரேயத்தில் நெஞ்சு என்றால் அழுகிற இடம் மட்டுமல்ல, மனுஷன் முடிவெடுக்கிற இடமும் அதுதான். கல்லறைத் தோட்டத்துக்கு யூதர்கள் வைத்திருக்கும் பெயர் 'பேத் ஹஹயிம்', உயிருள்ளவர்களின் வீடு. ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா! அவங்கோ பாஷைல செத்தவன்னே ஒர்த்தன் கெடையாது. என் புள்ள எங்கியோ கீறான்."

அதன்பிறகு தினமும் படகுத்துறையில் நின்று, கிரீஸ் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஜெபம்.

"நெத்தியெல்லாம் கறுப்பா வூட்டுக்கு வர்றாரு ஆன்சி" என்றாள் அண்ணி வியாகுலம் போனில். "கல்மண்டபம் ஆட்டோகாரனுங்கோ, 'இன்னா நைனா, திருஷ்டிப் பொட்டா?'ன்னு ஓட்றானுங்கோ."

அண்ணிக்கு வேண்டியது ஒன்றுதான்: மகனுக்கு இறந்தோர் பூசை. தகப்பனும் சம்மதித்து வரட்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். அண்ணன் சம்மதிக்கவில்லை.

"நீ சொன்னா கேப்பாரு. அவருக்கு புள்ள வூட்டுக்கு வரணும். எனக்கு அவன் மோட்சத்துக்காவது போய்ச் சேரணும். பூசை இல்லாம எத்தினி நாளு வெளியவே நின்னுகினு இருப்பான்?"

உடல் கிடைக்காதவர்களுக்கு இங்கே என்ன செய்வார்கள் என்று ஸிப்போராவிடம் கேட்டேன். "தேடுவதை நிறுத்திவிட்டார்களா?" என்றாள். உடல் கிடைக்காவிட்டால், இனிக் கிடைக்காது என்று குடும்பம் நம்பிக்கையை விடுகிற நாளில்தான் யூதர்களுக்குத் துக்கம் தொடங்குமாம். அதுவரை தரையில் உட்கார்ந்து அழுவதுகூட இல்லை.

"யார் விட வேண்டும்? அப்பாவா, அம்மாவா?" என்றேன்.

 ஸிப்போரா தேநீர் கேட்டாள்.

அன்று அண்ணனே கூப்பிட்டார். "கெய்வி இன்னா சொல்லிச்சி?" பொய் சொல்லத் தெரியாமல் உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப மேட்டர் முடிஞ்சிது. நா வுடல."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "நா வுட்டுட்டேன்யா."

அண்ணன் போனை வைக்காமலே எழுந்து போய்விட்டார்போல. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்லறைத் திருநாளன்று அண்ணி வீடியோவில் வந்தாள். போனை எங்கள் அப்பாவின் கல்லறைச் சிலுவையில் சாய்த்து வைத்திருந்தாள். சுற்றிலும் எல்லாக் கல்லறைகளிலும் சாமந்தியும் வெளிச்சமும். வருஷா வருஷம் செய்வதுபோல அண்ணன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு மெழுகுவத்தியை ஏற்றினாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

அண்ணன் பிரஷை நிறுத்தினார். "அப்பனுக்கு இன்னாத்துக்கு ரெண்டு?"

"காத்து அடிக்குதில்ல. ஒண்ணு அணைஞ்சா ஒண்ணு இருக்கட்டும்."

அவர் அவளையே பார்த்தார். கடல் காற்றில் இரண்டாவது சுடர் மடங்கி, அணையப்போனது. சட்டென்று முட்டி போட்டு, சுண்ணாம்புக் கையைக் குவித்து அதை மறைத்தார். சுடர் நிமிர்ந்தது. கையை எடுத்தார், மறுபடி மடங்கியது. மறுபடி குவித்தார்.

"ஹார்பருக்கு போவணும், ஜெபத்துக்கு நேரமாச்சி" என்றார். போகவில்லை.

"போய்ட்டு வாயேன்" என்றாள் அண்ணி.

"கைய எட்தா அணைஞ்சிடும்மே."

நான் "அண்ணா" என்று கூப்பிட்டேன். காற்று இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அண்ணிக்குக் கேட்டிருக்கும். அவள் என் பக்கம் திரும்பவில்லை.