எஸ்தருக்குக் கொடுக்க மறுத்த ஊசி

என் விரலடியில் நாடி நின்றுபோனது. கத்தி இன்னும் தோலைத் தொடவில்லை. மூச்சுக்குழாய் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசியைக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். சத்தமே இல்லை.

"சார், ஹார்ட் நின்னுடுச்சு!"

அறுபதுகளின் தொடக்கம் அது. பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டராக இருந்தேன். மேஜையில் கிடந்தவள் எஸ்தர். கோலார் தங்கவயலில் பிறந்தவள். காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். ஸ்டவ் வெடித்து மார்பும் வலது கையும் வெந்து, சில வாரங்களாக வார்டில் இருந்தாள். அன்று தோல் ஒட்டும் ஆபரேஷன்.

சர்ஜன் நஞ்சப்பா அவள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். அழுத்த அழுத்தக் கட்டுத்துணியில் ரத்தம் ஊறியது. அவர் விடவில்லை. நான் ஆக்சிஜன் பையை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கை மரத்துப்போன பிறகுதான் கழுத்தில் நாடி திரும்பியது. ஆபரேஷனைத் தள்ளிவைத்தோம்.

"உடம்புல சத்து இல்ல, தாங்கல," என்றார் நஞ்சப்பா.

இருக்கலாம். ஆனால் தீக்காயம் பட்ட அன்றே, புண்ணைச் சுத்தம் செய்தபோது, இதே ஊசியை அவளுக்குக் கொடுத்திருந்தேன். அப்போது ஒன்றும் ஆகவில்லை. அந்த யோசனை என்னை விடவில்லை.

மறுபடி ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, அந்த ஊசி இல்லாமல், மூச்சில் இழுக்கவைக்கும் பழைய மயக்க மருந்தான ஈதர் மட்டும் கொடுப்பதாகச் சொன்னேன். நஞ்சப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஈதர்னா ரொம்ப நேரம் இழுக்கும். வெளியே கேஸ் காத்துட்டிருக்கு. அந்த ரிலாக்ஸன்ட் ஊசியையே கொடுங்கம்மா."

"இவளுக்குக் கொடுக்க மாட்டேன் சார்."

"காரணம்?"

"தெரியாது."

"காரணம் தெரியாமலா வேணாம்கிறீங்க?"

"தெரியாததாலதான் சார்."

வார்டில் எஸ்தர் என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, போன வாட்டி நான் செத்துட்டேனாமே? எல்லாரும் பேசிக்கிறாங்க."

"நாடி நின்னுச்சு. திரும்ப வந்துடுச்சு."

"இப்பவும் அதே ஊசியா?"

"இல்ல."

"அப்ப சரி. இந்தக் கை மடங்கியே நின்னுடுச்சுன்னா யாரு எனக்கு வேலை குடுப்பாங்க?"

ஈதர் மெதுவாகத்தான் வேலை செய்தது. தியேட்டர் முழுக்க வாடை. விழித்த பிறகு எஸ்தர் ஓயாமல் வாந்தி எடுத்தாள். ஆனால் நாடி ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. தோல் ஒட்டியது, பிறகு கையையும் நீட்ட முடிந்தது.

சில வருடங்கள் கழித்து வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் விளக்கம் வந்தது. பெரிய தீக்காயம் பட்டுச் சில நாட்கள் ஆனால் தசைகளின் தன்மை மாறிவிடுகிறது. அப்போது இந்த ஊசி போட்டால் தசைக்குள் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டுகிறது, இதயம் நின்றுவிடுகிறது. காயம் பட்ட முதல் நாளில் அந்த மாற்றம் வந்திருக்காது.

படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. எஸ்தருக்கு முன்னால் இந்த ஊசியால் உயிர் போனவர்கள் எங்கெங்கோ இருந்திருப்பார்கள். பலவீனம் என்று சொன்னதை நம்பி, வீட்டார் உடலை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

இன்று மயக்க மருந்து படிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மருந்துக்குப் பிறகு நாடி நின்றால், ஏன் என்று தெரியும்வரை அதை அந்த நோயாளிக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள். காரணம் வந்து சேர வருடங்கள் ஆகலாம். மேஜையில் இருப்பவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது.